120 வைத்தபின்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஆடிப் பதினெட்டுக்குக் புது வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வந்துவிட்டது, இனி சிவகாசியில் யாருக்கும் தூக்கம் கிடையாது. நீ ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

இடியில் பழைய மானிட்டர் போய்விட்டது. புதிதாக 22 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டுக்கொடுத்த லினக்ஸ் மின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. உனக்கு இரண்டு தடவை போன் போட்டேன். மீட்டிங்கில் இருந்திருப்பாய்.

சரி, நாமே பார்ப்போம் என்று டிஸ்ப்ளேயில் போய், திரையின் புள்ளிக் கணக்கு 1920க்கு 1080 என்றிருந்ததை 1280க்கு 720 ஆக்கினேன். எழுத்து பெரிதானது, ஆனால் மட்டமான தாளில் மை ஊறின மாதிரி ஒரே கலங்கல். பிறகுதான் புரிந்தது. திரையில் இருக்கிற புள்ளி அவ்வளவுதான், நாம் குறைத்துக் கேட்டால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியில் நிரவுகிறது. ‘ம’வா ‘ம்’மா என்றே தெரியவில்லை. புரூஃப் ரீடருக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

திரும்ப 1920க்கே வைத்துவிட்டு, அப்பியரன்ஸில் ஃபான்ட்ஸ் பக்கத்துக்குப் போனேன். அடியில் டிபிஐ 96 என்று இருந்தது. அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பது என் தொழில் கணக்கு. ஆக 12 பாயின்ட் எழுத்துக்கு 16 புள்ளிதான் கிடைக்கிறது. அதற்குள் ‘ண’வின் மூன்று சுழியும் எப்படி மூச்சு விடும்? 120 வைத்தேன், 20 புள்ளி ஆனது. எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளோடு பொருத்துகிற ஹின்டிங்கை ‘ஸ்லைட்’ (லேசாக) ஆக்கி, லாக் அவுட் செய்து திரும்ப வந்தால், சுழிக்குச் சுழி வெளிச்சம்! யாரையும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் எழுத்தோடு கிடந்தவன்டா உன் அப்பன்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பங்குனியில் நீ ஒரு நீள மெயில் போட்டாயே. மானிட்டர் மேல் பழி போட மாட்டேன், அப்போது பழையதுதான் இருந்தது. என் கண்தான் ஒரு வருஷமாகச் சரியில்லை, யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாலு வரியைப் பார்த்தேன், புது வீடு, பால்கனி என்று இருந்தது. ‘படித்தேன், சந்தோஷம்’ என்று பதில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான், 120 வைத்த பிறகு, கடைசிவரை படித்தேன். கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். அதற்குப் போய் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறேன். காலண்டரில் ராகு காலம் ஒரு இலக்கம் மாறினாலே பிடித்துவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன்.

நீ போன் எடுக்காததற்குக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன் பார்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, அவசரமும் இல்லை. மாடி அறையில் ஃபேன் மாற்றிவிட்டேன், இப்போது சத்தம் போடாது. நீ மட்டும் வந்தாலும் சரி. வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

போன் போடு. இந்தத் தடவை எடுத்தவுடன் அம்மாவிடம் கொடுத்துவிட மாட்டேன்.

அப்பா