பாடத்திட்டமும் பொருள் பட்டியலும் ஒரே தாளில் வரட்டும்

பெறுநர்: கொங்கு மாவட்டங்களின் வட்டாரக் கல்வி அலுவலர்கள் மற்றும் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

புதிய கல்வியாண்டுக்கான ஆயத்தப் பணிகள் தொடங்கும் இவ்வேளையில், ஈராசிரியர் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். எந்த வாரத்தில் எந்தப் பாடம் என்னும் திட்டமும், எந்தப் பொருள் எப்போது பள்ளிக்கு வந்து சேரும் என்னும் பட்டியலும் இப்போது வெவ்வேறு மேசைகளில், ஒன்றையொன்று பாராமல் தயாராகின்றன. அவ்விரண்டையும் இணைத்து, முதல் பருவத்துக்கு மட்டுமேனும், மே மாதக் கடைசி வாரத்துக்குள் ஒரே தாளாக எங்கள் கையில் தர வேண்டும்.

பெரிய பள்ளிகளில் இது சிறு வசதிக்குறைவாகவே தெரியும். ஈராசிரியர் பள்ளியில் அப்படி அன்று. கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், வகுப்புகளோ ஐந்து. ஒருவர், அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் கீழ், முதல் மூன்று வகுப்புகளைக் கற்றல் திறனுக்கேற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்து நடத்துகிறார். மற்றவர் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டு, காலை உணவு, எமிஸ் என்னும் இணையத் தகவல் தளப் பதிவு, இருப்புப் பதிவேடு ஆகியவற்றையும் கவனிக்கிறார். இவர்களில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றுவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இத்தகைய வகுப்பறையில் ஆசிரியர் மொட்டு நிலைக் குழுவோடு அமர்ந்திருக்கும் இருபது நிமிடமும் அரும்பு நிலைக் குழந்தைகளின் கையில் எழுத்து அட்டையோ மணிச்சட்டமோ இருந்தால்தான் பாடம் நடக்கும்; இல்லையென்றால், சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பது ஒன்றே அன்றைய பாடமாகிவிடும். கையேடு சொல்லும் செயல்பாட்டுக்கு வேண்டிய அட்டை ஆகஸ்டில் வருமானால், ஜூனில் எழுதிய பாடக்குறிப்பு ஆய்வுக்கு வருபவர் கையொப்பமிடுவதற்கு மட்டுமே பயன்படும்.

வகுப்புவாரியாகப் பொருள் வழங்கும் முறையிலும் ஓர் இடைவெளி உண்டு. திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருந்துறைப் பகுதிகளில் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் ஆலைக்கும் வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளில் பலர், சொந்த ஊருக்குப் போன பெற்றோர் திரும்பிய பிறகு, ஜூலையில்தான் சேர்கிறார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே எட்டு வயதுக் குழந்தை மூன்றாம் வகுப்பில் அமர்கிறது. அதன் தமிழோ அரும்பு நிலையில் இருக்கிறது. அதற்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு அரும்பு நிலைப் பயிற்சி நூலும் வேண்டும். சென்ற ஆண்டின் சேர்க்கை எண்ணிக்கையை வைத்துப் போடும் தேவைப் பட்டியலில் அந்தக் குழந்தையும் இல்லை, அந்த நூலும் இல்லை. எனவே அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான ஒவ்வொரு குறுவள மையத்திலும் நிலைவாரியாகச் சிறிது கையிருப்பு வைத்து, சேர்க்கை நடந்த வாரமே அதைப் பெற்றுக்கொள்ள வழி செய்ய வேண்டுகிறேன்.

மலைப்பள்ளிகளுக்கு முதலில் அனுப்புங்கள் என்று தனியே கேட்க வேண்டிய நிலை இருப்பது வருத்தம் தருகிறது. வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே பிடித்துவிடும். அதற்குப் பின் நோட்டுக் கட்டுகள் நனையாமல் எஸ்டேட் பள்ளி போய்ச் சேருவது எளிதன்று. தாளவாடிக்குப் போகும் டெம்போ 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் பாதையில், இரவுப் போக்குவரத்துத் தடை தொடங்கும் முன் ஏறியாக வேண்டும். அங்கே கன்னட வழிப் பள்ளிகளும் இருப்பதால், கட்டுகளை அனுப்பும் முன் பயிற்று மொழியைச் சரிபார்ப்பது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும். சீருடையைப் பற்றி இங்கே விரித்து எழுதவில்லை. ஈரோட்டிலும் திருச்செங்கோட்டிலும் தறியில் நெய்த துணி நமக்கே தாமதமாக வந்து சேரும் விந்தையைத் தனி மடலில்தான் எழுத வேண்டும்.

அடுத்தது பள்ளி மானியம். 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000 ரூபாய் என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் அளவு. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு. எஞ்சியதில்தான் சாக்பீஸ், பசை, மார்க்கர், பழுதுபார்ப்பு எல்லாம். தொகை சிறிது என்பதைவிட, எதை அரசு தரும், எதை நாங்கள் வாங்க வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாமையே பெரிய தொல்லை. தலைமையாசிரியர் கைக்காசில் சார்ட் வாங்கிய மறுவாரம் சார்ட் கட்டு வந்திறங்குகிறது. பசை மட்டும் கடைசி வரை வருவதில்லை. மானியம் ஜூனில் வராவிட்டாலும், வழங்கப்போகும் பொருட்களின் பட்டியலாவது வந்துவிட்டால் இந்த இரட்டைச் செலவு நிற்கும்.

விலை கொடுத்து வாங்க வேண்டாத பொருளும் நம் ஊர்களில் ஏராளம். சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களில் கேட்டால் காலி நூல் கோன்களைக் கட்டாகவே கொடுக்கிறார்கள். ஒன்று, பத்து, நூறு என மூன்று வண்ணம் பூசி வரிசையாக நிறுத்தினால் இடமதிப்புக்கு அதைவிடத் தெளிவான கருவியை நான் கண்டதில்லை. பனியன் கட்டிங் துணியில் கைப்பாவை செய்யலாம்; புளியங்கொட்டை எண்ணுவதற்கு. ஆனால் இவற்றைச் சேகரிக்க ஜூன் வரை காத்திருக்க இயலாது. எந்த வாரத்தில் எந்தக் கணக்கு என்பது மே மாதத்திலேயே தெரிந்தால், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரே கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

நான் கேட்கும் தாள் சிக்கலானதன்று. வாரம், நிலை அல்லது வகுப்பு, செயல்பாடு, அதில் ஆசிரியர் உடனிருக்க வேண்டிய பகுதி, குழந்தைகள் தாமே செய்யும் பகுதி, தேவையான பொருள், அது அரசு வழங்குவதா, மானியத்தில் வாங்குவதா, உள்ளூரில் திரட்டுவதா என்னும் குறிப்பு ஆகியவை போதும். வாரத்துக்கு 45 மணி நேரப் பணியில் பாடத் தயாரிப்பும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. அந்தத் தயாரிப்பு நேரம் ஒன்றியத் தலைமையிடத்தில் கட்டுகளை எண்ணி ஆட்டோவில் ஏற்றுவதில் கழியக் கூடாது.

மே மாதக் கடைசி வாரத்தில் குறுவள மைய அளவில் அரைநாள் கூடினால் இதனை முடித்துவிடலாம். கோடை விடுமுறையில் கூட்டமா என்று சக ஆசிரியர்கள் என்னைக் கடிந்துகொள்வார்கள். கடிந்துகொண்டாலும் வருவார்கள் என்றே நம்புகிறேன். நீங்கள் இசைவு தெரிவித்தால், ஜூன் மாதத்துக்கான மாதிரித் தாளை எங்கள் ஒன்றியத்து ஈராசிரியர் பள்ளிகளின் சார்பில் நாங்களே வரைந்து, திருத்தங்களுக்காக மே இரண்டாம் வாரத்தில் உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்