தற்காலிகச் சட்டத்துக்கு முடிவுத் திகதி எழுதுங்கள்: இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களே,

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் உங்கள் சபையில் நிறைவேறியபோது, மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். அவசரகால நிலை 2011 ஆகஸ்டில் காலாவதியானபோதும் இந்தச் சட்டம் அப்படியே நின்றது. ரோமக் குடியரசும் இதே பிழையைச் செய்து முழு விலையையும் கொடுத்தது. அதனால்தான் அதன் கதையை உங்கள் முன் வைக்கிறேன்.

ரோமில் ஆண்டுதோறும் இரண்டு கொன்சல்கள், அதாவது தலைமை ஆட்சியாளர்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். நாடு பேராபத்தில் சிக்கினால் மட்டும் ஒருவரைச் சர்வாதிகாரியாக நியமிப்பார்கள், அதுவும் ஆறு மாதத்துக்கு. கி.மு. 217இல் திரசிமீன் ஏரிக்கரையில் ஒரு ரோமப் படையையே கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் அழித்தபின், ஃபேபியஸ் மாக்சிமஸ் அப்பதவிக்கு வந்தார். ஆறு மாதம் முடிந்தபோது ஹன்னிபால் இத்தாலிக்குள்ளேயே இருந்தார்; கி.மு. 203 வரை போகவும் இல்லை. இருந்தும் ஃபேபியஸ் படைகளைக் கொன்சல்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பதவியிலிருந்து இறங்கினார். அத்தனை பெரிய எதிரி நாட்டுக்குள் இருந்தபோதும் கால எல்லையை அவர்கள் தளர்த்தவில்லை.

கி.மு. 82இல் ரோமத் தளபதி சுல்லா உள்நாட்டுப் போரில் படைபலத்தால் வென்றார். கால எல்லையே இல்லாத சர்வாதிகாரியாக அவரை ஆக்கச் சட்டம் இயற்றினார்கள். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்கள் பொது இடத்தில் ஒட்டப்பட்டன. விசாரணை கிடையாது. கொன்றவனுக்குப் பரிசு, செத்தவனின் சொத்து பறிமுதல், அவன் பிள்ளைகளுக்கு அரச பதவி இல்லை. சுல்லா பிற்பாடு தானாகவே விலகினாரே என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் ஆறுதல் இல்லை. அவர் காட்டிய வழியிலேயே கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் சர்வாதிகாரியானார்.

சீசர் கொல்லப்பட்டதும், அப்போது கொன்சலாக இருந்த மார்க் அந்தோனி சர்வாதிகாரிப் பதவியையே சட்டம் போட்டு ஒழித்தார். மறு ஆண்டே அவரும் சீசரின் வாரிசு ஒக்டேவியனும் சீசரின் தளபதியாக இருந்த லெபிடஸும் மூவராட்சி என்ற பெயரில் ஐந்தாண்டுக்கு எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கொலைப்பட்டியல் மறுபடியும் ஒட்டப்பட்டது. ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் பெயரும் அதில் இருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு மாற்று என்று புதுப்பெயரில் ஒரு வரைவு வரும்போதெல்லாம் இதுதான் என் நினைவுக்கு வருகிறது.

அமைச்சரின் கட்டளையால் 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்துவைக்க 1979ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 2022இல் அது 12 மாதமானது. பொலிஸ் அதிகாரி முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியமானது. தமிழ் இளைஞர்கள் மீது முதலில் பாய்ந்த சட்டம், பின்பு தெற்கில் சிங்கள இளைஞர்களையும், 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம்களையும் பிடித்தது. யாருக்காக எழுதினோம் என்று எழுதியவர்கள் நினைத்தார்களோ, அவர்களோடு அது நிற்கவில்லை.

இதன் இடத்தில் நீங்கள் எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும் அதன் முடிவுத் திகதியைச் சட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். நீடிக்க வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சபைக்கு வாருங்கள். எத்தனை பேர், எங்கே, எவ்வளவு நாளாகத் தடுப்பில் இருக்கிறார்கள் என்ற அறிக்கையை முதலில் மேசையில் வையுங்கள். அதன்பின் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வாக்களியுங்கள். நீதவானின் உத்தரவில்லாத தடுப்புக்காவல் எந்தப் பெயரில் வந்தாலும் எதிர்த்து வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்த ஒரு குடிமகன்