கல் இல்லாத ஊரில் கல் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் பாறை வகைகளைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று என் பேத்தி மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். ஆனால் அவள் வளர்வது பாபநாசம் பக்கம். இங்கே எங்கே தோண்டினாலும் மண்ணும் மணலும்தான். 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. எங்கள் வீட்டு அம்மி எம்மாத்திரம்! பாறையையே பார்க்காத பிள்ளைக்கு வரையறை மட்டும் என்ன செய்யும்? சரி, அடுப்படியிலேயே காட்டுவோம் என்று இறங்கினேன்.

முதலில், உருகிய குழம்பு ஆறி இறுகும் தீப்பாறை. கமர்கட்டுக்கு வெல்லப்பாகு வைத்து, பதம் பார்க்கக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் 'டங்' என்றது. உடைத்தால் உள்ளே படிக மணியே தெரியவில்லை, கண்ணாடிச் சில்லு மாதிரி வழுவழுப்பு. எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறினாலும் இப்படித்தான் கண்ணாடியாகிவிடும். அடுத்து, சர்க்கரையைக் கொதிநீரில் கரையும் மட்டும் கரைத்து, நூலைத் தொங்கவிட்டு ஒரு வாரம் வைத்தோம். முதல் தடவை அவள் தினமும் தூக்கிப் பார்த்ததில் பொடிப்பொடியாகப் போயிற்று. இரண்டாம் தடவை கடலைப்பருப்பு அளவில் கற்கண்டு கட்டியிருந்தது. கருங்கல் தண்ணீரில் விளைவதில்லைதான். நிதானமாக நடந்தால் மணி பெரிதாகும் என்பதை மட்டும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அம்மியை அவளே கழுவி வெயிலில் சாய்த்து வைத்தாள். வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று மணிமணியாக மின்னியது. "பாட்டி, இதுவும் மெதுவா ஆறினதுதானே?" என்றாள். இத்தனை வருஷம் அதில் அரைத்த நான் ஒரு நாளும் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை.

படிவுப்பாறைக்கு நம் ஊரே போதும். பாட்டிலில் வயல்மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் உடனே இறங்கும். வண்டல் அதன்மேல் படியும். களி மறுநாள்வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். காவிரி இத்தனை காலமாக இதைத்தான் செய்கிறது. இதன்மேல் இன்னும் மண் ஏறி, அழுத்தி, இறுகினால் பாறை. கொள்ளிடம் தாண்டி அரியலூரில் சிமென்ட்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது; அந்தப் பக்கத்துப் பாறைகளில் கிளிஞ்சல் படிவங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மூன்றாவதற்குச் சப்பாத்தி மாவு. பீட்ரூட் மாவையும் வெள்ளை மாவையும் உருண்டைகளாக ஒட்டித் தேய்த்தால் பட்டை பட்டையாக நீளும். தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் திரும்ப மாவாகாது. உருகாமலேயே சூட்டிலும் அழுத்தத்திலும் மாறுவது என்றதும் புரிந்துகொண்டாள்.

சிறுவர் பக்கத்தில் இதுபோன்ற செய்முறைகளையும் போடுங்கள். பாகு காய்ச்சுவது மட்டும் பெரியவர்கள் வேலை என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் என் கட்டைவிரலில் பட்ட கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.