ராவணன் நலம்தானா

மேற்கு மாம்பலம், சென்னை
14.10.2021

அன்புள்ள சேகர்,

'நலம், நலமறிய ஆவல்' என்று வழக்கம்போல எழுதிவிட்டு அந்த வரியை நானே அடித்துவிட்டேன். மேலே தெரிகிற மைக்கறை அதுதான். ஐந்து மாதமாக உனக்கு நான் ஒரு வரியும் எழுதாததற்கும், ஆயுத பூஜையன்று எல்லோரும் பேனாவைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நான் மட்டும் திருட்டுத்தனமாக எடுத்து எழுதுவதற்கும் அந்த ஒரு சொல்தான் காரணம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு நவம்பர் முதல் தேதிதான் பள்ளி திறக்கிறார்கள் என்பதால் வீடு இரண்டுபடுகிறது. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தூர்தர்ஷன் ராமாயணத்தில் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி காலமாகிவிட்டார். இந்த முறை உண்மையாகவே. அக்டோபர் 5, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல், காந்திவலியில் தம்முடைய வீட்டிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். வயது 82, வருகிற நவம்பர் 8 வரை இருந்திருந்தால் 83 நிறைந்திருக்கும். பம்பாயில் இருக்கிற உனக்கு இதை மாம்பலத்திலிருந்து சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம் என்று தெரியும். ஆனாலும் முன்பு பொய்யைச் சொன்னவன் நான் என்பதால், மெய்யையும் நானே சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

மே மாதத்தில் நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். 'லங்கேஷ் (இலங்கை அரசன், ராவணன்தான்) போய்விட்டார்' என்று யாரோ அனுப்பியதைப் பார்த்தவுடன் உனக்குத் திருப்பி அனுப்பியதோடு நிற்காமல், 'உன் ஊர்தானே, காந்திவலிவரை ஒரு நடை போய் உண்மையா என்று விசாரித்துச் சொல்' என்றும் கேட்டேன். ஊரடங்கு நாளில், அத்தியாவசியப் பணியில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரையும் மின்ரயிலில் ஏற்றாத நாளில், முலுண்டில் இருப்பவனிடம் கேட்டேன். நீ சென்ட்ரல் லைன், அவர் வெஸ்டர்ன் லைன், நடுவே தாதரில் இறங்கி மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பம்பாய் என்பது இன்னமும் உன் கல்யாணத்துக்கு வந்த இரண்டு நாள்தான். மறுநாளே லட்சுமணனாக நடித்த சுனில் லஹ்ரி, அரவிந்த்ஜி நன்றாக இருக்கிறார், தயவுசெய்து இப்படிப்பட்ட செய்திகளைப் பரப்பாதீர்கள் என்று எழுதியிருந்தார். ராவணன் உயிரோடு இருக்கிறான் என்று லட்சுமணன் வந்து சாட்சி சொல்லும்படி ஆகும் என்று வால்மீகியோ கம்பனோ நினைத்துப் பார்த்திருப்பார்களா? அதற்கு முந்தைய ஆண்டும், 2020 மே மாதத்தில், இதே வதந்தி கிளம்பி, அவருடைய சகோதரர் மகன் ட்விட்டரில் மறுக்க வேண்டியிருந்தது. பத்துத் தலை இருக்கிறது என்பதற்காக ஆண்டுக்கு ஒன்றாக நாம் வெட்டிக்கொண்டிருந்தோம் போலும்.

அன்று நீ எனக்கு அனுப்பிய பதில் அப்படியே மனத்தில் இருக்கிறது: "இனி எதையாவது சொல்வதென்றால் கடிதமாக எழுது. வந்து சேர்வதற்குள் பொய்யாக இருந்தால் செத்துவிடும்." அதனால்தான் இந்தக் கடிதம். செய்தி வந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் யாரும் மறுக்கவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மார்ச் 28ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமாயணத்தை மறுபடியும் போடத் தொடங்கியபோது, காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று இரண்டு வேளையும் அவள் உட்கார்ந்துவிட்டாள். 1987 ஜனவரியில் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஞாயிறுதோறும் நாக்பூர் மாமா வீட்டு டயனோரா டி.வி.க்கு முன்னால், மாமா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, ஐம்பது பேரோடு பார்த்ததை இப்போது தனியாக, மொழிபெயர்ப்பு இல்லாமல் பார்த்தாள். அந்த டயனோராவின் மரக்கதவில் மாமி வைத்த குங்குமப் பொட்டு உனக்கு நினைவிருக்கிறதா? கதவைத் திறந்து இரண்டு பக்கமும் தள்ளும்போது பொட்டு இரண்டாகப் பிரிந்து போகும். ஜன்னலுக்கு வெளியே கழுத்தில் அளவு நாடாவோடு நம் தையற்கடை அண்ணன் நிற்பார். கறுப்புச் சட்டைக்காரர் என்பதால் உள்ளே வரமாட்டார், ஆனால் இலங்கை அரண்மனை வந்துவிட்டால் மட்டும் கடையில் ஆள் காத்திருந்தாலும் விட்டுவிட்டு வந்து, "நம்ம ராஜா என்ன சொல்றாரு?" என்று மாமாவைக் கேட்பார். ராவணன் விழுந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கழுத்திலிருந்து நாடாவை எடுத்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனார். மறுநாள் கடை திறக்கவில்லை. உன் புதுச் சட்டை என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

அந்த நாளிலேயே எனக்கு ஒரு வியப்பு உண்டு. நமக்கு ஒரு சொல் இந்தி தெரியாது; ராமன் பேசினால் மாமாவின் வாயைப் பார்ப்போம், ராவணன் பேசினால் திரையைப் பார்ப்போம். குஜராத்தி நாடக மேடையில் பழகிய குரல் அது; பொருள் புரியாவிட்டாலும் கோபமும் கர்வமும் எள்ளலும் தனித்தனியாகக் காதில் விழும். அவர் முதலில் படகோட்டி வேடம் கேட்டுத்தான் போனாராம். வசனத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன இயக்குநர் ராமானந்த சாகர், அவர் நடந்த நடையைப் பார்த்தே தம்முடைய லங்கேஷ் கிடைத்துவிட்டதாகச் சொன்னாராம். அவரே பேட்டிகளில் சொன்னது இது. நீ அந்தச் சிரிப்பைப் பழகி இந்தி டியூஷனில் சிரித்துக் காட்டி வாங்கிய அடியை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரலில் வந்த அந்தக் காணொளித் துணுக்கை நீயும் பார்த்திருப்பாய். தம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சீதையைத் தூக்கிச் செல்லும் காட்சியைத் தொலைக்காட்சியில் தாமே பார்க்கிறார். திரையில் அத்தனை பெரிய உருவம். எதிரே தளர்ந்த ஒரு கிழவர். காட்சி முடிகிறபோது இரண்டு கைகளையும் கூப்புகிறார். நான் அதை அம்மாவிடம் காட்டினேன். அவள் மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவன் இத்தனை நாளும் இதைச் சுமந்துண்டு இருந்திருக்கான்டா" என்றாள். அவர் பெரிய ராம பக்தர் என்றெல்லாம் நான் பிற்பாடுதான் படித்துச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கைகளே போதுமாக இருந்தன.

அன்றிலிருந்து தொடங்கியது. காப்பி குடிக்கும்போது ஒரு தரம், விளக்கேற்றியபின் ஒரு தரம், "அந்த ராவணன் எப்படி இருக்கான்?" நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பார்த்து, "நலம்தான்" என்பேன். மே மாத வதந்தியன்று உளறிவிட்டேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு இரவு பலகாரத்தைத் தொடவில்லை. மறுநாள் பொய் என்று தெரிந்ததும், செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அந்தக் கெட்டி ஆயுசு ஐந்து மாதம்தான் நீண்டது, சேகர்.

அக்டோபர் 6 மகாளய அமாவாசை. நான் அப்பாவுக்குத் தர்ப்பணம் முடித்து, ஈரத் துண்டோடு கைப்பேசியை எடுத்தபோது செய்தியைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கேட்டாள். வாயில் வந்துவிட்டது: "நலம்தான்." அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னை உறுத்துவது அந்தப் பொய் மட்டுமல்ல. அவருடைய சகோதரர் மகன் சொல்லியிருப்பதைப் படித்தேன்: கடைசி மூன்று ஆண்டுகளில் உடல்நிலை மோசமாகிச் சில முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்ததாம், சாவதற்கு ஒரு மாதம் முன்புதான் கடைசியாக வீடு திரும்பினாராம். அப்படியானால் நான் காப்பி வேளையில் 'நலம்' என்று சொன்ன சில நாள்களிலாவது அவர் ஏதோ ஒரு வார்டில் படுத்திருந்திருக்கிறார். மறுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. இறந்துவிட்டாரா என்று கேட்டார்கள், இல்லை என்றார்கள். அந்தக் கேள்விக்கு அதைத் தாண்டி அவர்கள் என்ன சொல்லியிருக்க முடியும்? படுக்கையில் இருக்கிறார், சில நாள் சாப்பிடுகிறார், சில நாள் இல்லை என்று நாடு முழுவதற்கும் தினமும் கணக்குச் சொல்ல வேண்டுமா? நம் ஊரில் 1984இல் எம்.ஜி.ஆர். புரூக்ளினில் இருந்தபோது, அவர் சாப்பிடுகிற படத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதானே சனங்களுக்கு மூச்சு வந்தது? ஆளுகிறவருடைய நிலையைக் கேட்க நமக்கு உரிமை இருந்தது என்றாவது சொல்லலாம். முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வேடம் போட்டு, ஓய்ந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் நமக்கு என்ன பாத்தியதை?

இன்னொன்றையும் யோசித்துப் பார். 1991இல் அவர் சாபர்காண்டாவிலிருந்து மக்களவைக்குப் போனார். அதே தேர்தலில் வடோதராவிலிருந்து சீதையாக நடித்த தீபிகாவும் அதே கட்சியில் ஜெயித்துப் போனார். ராவணனும் சீதையும் ஒரே பக்கத்து இருக்கைகளில் ஐந்து ஆண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு 2002இல் ஓராண்டுக்கு மேல் தணிக்கை வாரியத்துக்குத் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார். அந்த எம்.பி. எப்படி இருக்கிறார், அந்தத் தலைவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ராவணனைத்தான். அம்மாகூட அவருடைய பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. இது அவருக்குப் பெருமையா, பாரமா என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவரைக் கேட்கும்போது அம்மா டயனோராவையும், அப்பாவையும், நாக்பூர் மாமாவையும் சேர்த்துத்தான் கேட்டாள் என்பது மட்டும் இப்போது புரிகிறது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் இன்று மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

அடுத்ததை எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தேன். நான் உன்னைக் காந்திவலிக்கு விரட்டிய அந்த வாரத்தில் உனக்கே கொரோனா கண்டு, ஆக்சிஜன் 91க்கு இறங்கிப் படுக்கை தேடி அலைந்தார்கள் என்பதை ஜூலையில் உன் மைத்துனர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பார்த்தேயிராத ஒரு நடிகர் நலமா என்று உன்னையே கேட்டவன், நீ நலமா என்று கேட்கவில்லை. வெட்கத்தில் ஜூலையிலும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சளைத்தவன் அல்ல. மூச்சு வாங்குகிற நேரத்தில், படுத்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதாமல், லைன் கணக்குச் சொல்லி என்னைக் கிண்டல் செய்தாய். இப்போது கேட்கிறேன், மாடி ஏற முடிகிறதா? இருமல் நின்றதா? 'நலம்' என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எண்ணி எழுது.

கடைசியாக, நீ செய்ய வேண்டிய காரியம். நவம்பர் 4 தீபாவளி. விடியற்காலை அம்மா உன்னை அழைத்துக் கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்று கேட்பது எந்த ஆண்டும் தவறியதில்லை. நீ பம்பாய்க்காரன் என்பதால் இந்த முறை அடுத்த கேள்வி என்ன என்று உனக்கே தெரியும். நீ பொய் சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லிப் பண்டிகை நாளில் அவளை மறுபடியும் தலைக்குக் குளிக்க வைக்கவும் மனம் வரவில்லை. நாளை விஜயதசமி, உங்கள் பக்கத்தில் ராவணன் பொம்மையை வைத்துக் கொளுத்துவதை மாலையில் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். அது ஓய்ந்த பிறகு நானே சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன். அதுவரை உன் யோசனை என்ன என்று எழுது. அஞ்சலட்டை மட்டும் வேண்டாம், வாசலில் தபாலை வாங்குவது அம்மாதான். உறையில் வைத்து ஒட்டினாலும் உன் கையெழுத்தைக் கண்டால் பிரித்துவிடுவாள்; என் அலுவலக முகவரிக்கே அனுப்பு.

என்றும் உன்,
ரகு