கோமதிக்கு, கண் விஷயமாக

பாளையங்கோட்டை
ஆடி 9

அன்புள்ள கோமதி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்கு மனசே ஆறவில்லை. காலையில் எழுந்தால் இமை ரெண்டும் ஒட்டிக்கிடக்கிறது, வெந்நீர் தொட்டுத் துடைத்துத்தான் கண்ணைத் திறக்கிறேன் என்றாய். அடுத்த மூச்சிலேயே, மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், ரெண்டே நாளில் சிவப்பு போயிட்டு, கெட்டிக்கார மருந்து என்றும் சொன்னாய். அந்த ரெண்டாவது பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் 'சரி சரி' என்று கேட்டுக்கொண்டு மறந்துவிடுவாய். கடிதம் என்றால் உன் வீட்டில் மதினி படிப்பார்கள். அவர்கள் படித்தால் காரியம் நடக்கும்.

முதலில் அந்த மருந்து டப்பாவை எடுத்துப் பொடி எழுத்தைப் படி. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு, வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிவைக்கிற மருந்து. ரெண்டு நாள் போட்டதற்கு ஒன்றும் ஆகிவிடாது, பயப்படாதே. நான் ரெண்டு வருஷம் போட்டவன். பழைய அட்டையைக் காட்டுவேன், கடைக்காரர் சீட்டுக்கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். போட்டால் கண் பளிச்சென்று ஆகும், நிறுத்தினால் பத்தாம் நாள் திரும்பவும் பழைய கதை. கடைசியில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண் பிரஷர் பார்த்தார்கள். 21க்குள் இருக்க வேண்டியது வலது கண்ணில் 27. இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தால் கண்நரம்பே போயிருக்கும், கண்புரையும் சீக்கிரம் வந்திருக்கும் என்றார்கள். அன்றைக்கு வயிற்றில் புளி கரைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

உனக்குத் தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு இந்த இமைத் தொந்தரவு ஆரம்பித்தது 2013இல். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவனுக்குக் கண்தானே மூலதனம். பதினோரு மணிக்கு மேல் எழுத்தெல்லாம் எண்ணெய் படிந்த கண்ணாடி வழியே பார்க்கிற மாதிரி தெரியும். ரெண்டு தரம் சிமிட்டினால் தெளியும், உடனே மங்கும். அந்த நிலைமையில் ஒரு பெரியவருடைய நினைவஞ்சலி போஸ்டர் என் மேஜைக்கு வந்தது. பெயர், தேதி, உறவுமுறை எல்லாம் ஒன்றுக்கு ரெண்டு தரம் சரிபார்த்தேன். மேலே கட்டை எழுத்தில் இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. முந்நூறு போஸ்டர் அடித்து, பாதி ஒட்டியும் முடித்த பிறகு அந்த வீட்டுப் பையன் வந்து நிற்கிறான்: 'தண்ணீர் அஞ்சலி'. இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு முதலாளியும் நானும் இரவு பன்னிரண்டு மணி வரை சுவரில் போஸ்டரைச் சுரண்டினோம்.

பார்க்கிறவன் எல்லாம் 'மெட்ராஸ் ஐ-யா அண்ணாச்சி?' என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நிற்பான். அது ஒட்டும், பத்து நாளில் போகும். இது ஒட்டாது, ஆனால் போகவும் போகாது என்று எத்தனை பேரிடம் விளக்குவது? அப்புறம் வைத்தியம் சொல்கிறவர்கள். நம்ம ஊரில் கண் சிவந்தால் ஒரே தீர்ப்புதானே, உடம்பு சூடு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், வெயில் காலத்தில் நுங்கு, விடியற்காலையில் பதநீர், இரவில் கண்மேல் வெள்ளரிக்காய், நந்தியாவட்டைப் பூ. எல்லாம் செய்தேன். நுங்கு நன்றாகத்தான் இருந்தது. கண் அப்படியேதான் இருந்தது. வீட்டில் இவள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிக் காணிக்கை போட்டாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2016இல்தான் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். தாடையை அந்தக் கருவியில் வைக்கச் சொல்லி, இமையின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். "உங்க வீட்ல மார்கழி மாசம் தேங்கா எண்ணெ உறையுமா?" என்று கேட்டார். உறையும் என்றேன். "அதேதான் உங்க இமைக்குள்ளயும் நடக்கு" என்றார்.

விஷயம் இதுதான். இமையின் ஓரத்தில், மயிர்க்கால்களுக்குப் பின்வரிசையில், பொடிப்பொடியாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை. மைபோமியன் சுரப்பி என்று பெயர். 1666இல் மைபோம் என்கிற ஜெர்மன் டாக்டர் அதை விவரித்து எழுதினாராம், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நாம் சிமிட்டும்போதெல்லாம் அதிலிருந்து துளி எண்ணெய் கசிந்து கண்ணீரின் மேல் மெல்லிய ஏடாகப் படர வேண்டும். அந்த ஏடு இருந்தால்தான் கண்ணீர் காற்றில் உலராது. எண்ணெய் கெட்டித்துப்போய் வாயை அடைத்துக்கொண்டால் ஏடு கிடையாது, கண் காய்கிறது. காய்ந்த கண்ணுக்கு எரிச்சல், எரிச்சலுக்குத் தண்ணீர் கொட்டுகிறது. கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது 'உனக்குக் கண் வறட்சி' என்று டாக்டர் சொன்னால் எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் அதுதான் உண்மை. தேங்கின எண்ணெயில் கிருமி குடியேறி இமை வீங்குகிறது. இதற்குத்தான் பிளெஃபரைட்டிஸ் என்று பெயர். தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். உன் தலையை நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆக, மூன்று வருஷம் ஊர் மொத்தமும் குளிர்ச்சி பண்ணச் சொன்ன கண்ணுக்கு வேண்டியிருந்தது சூடு. நந்தியாவட்டையை வைத்தால் உறைந்த எண்ணெய் இன்னும் உறையும், வேறென்ன?

நான் செய்வதைச் சொல்கிறேன், மதினி குறித்துக்கொள்ளட்டும். ஒரு தூக்குச்சட்டியில் வெந்நீர், மூடி போட்டு. சின்ன வெள்ளைத் துணி ரெண்டு. ஒன்றை நனைத்துப் பிழிந்து முதலில் உள் மணிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பொறுக்கிற சூடுதான், 40 டிகிரி போதும், சுடக் கூடாது. மூடிய கண்மேல் வைத்தால் ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும். அதற்குள் அடுத்த துணி தயாராக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆறின துணியைப் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு, ஒத்தடம் கொடுத்தேன், பிரயோஜனம் இல்லை என்பார்கள். நானும் முதல் மாசம் அப்படித்தான். எனக்குக் கணக்கு வானொலிதான். காலைச் செய்தி தொடங்கும்போது துணியை வைப்பேன், செய்தி முடிந்தால் எடுப்பேன்.

எடுத்த சூட்டோடு விரல் நுனியால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெல்ல நீவ வேண்டும். சப்பாத்தி தேய்க்கிற வேகம் காட்டாதே. அப்புறம் ஆறின கொதிநீரில் ரெண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, பட்ஸைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு இமைமயிர் முளைக்கிற ஓரத்தைத் துடைக்க வேண்டும். தவிடு மாதிரி வரும். கண் ஒன்றுக்கு ஒரு பட்ஸ். முதல் ரெண்டு மாசம் காலை, இரவு இரண்டு வேளை. இப்போது ஒரு வேளைதான்.

எனக்கு இன்னொரு விருந்தாளியும் இருந்தது. ஒத்தடம் கொடுத்தும் இரவில் அரிப்பு நிற்கவில்லை என்றதும், டாக்டரம்மா இமைமயிர் ஒன்றைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வேர்ப்பக்கம் கண்ணாடிக் குழாய் மாதிரி ஏதோ சுற்றியிருந்தது. அதற்குள்ளிருந்து நீளமாக ஒரு பூச்சி, முன்பக்கம் எட்டுக் குட்டைக் கால். டெமோடெக்ஸ் என்று பெயர், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் நீளம். வயதானால் முக்கால்வாசிப் பேருக்கு இருக்குமாம். வெளிச்சம் ஆகாது, இரவில்தான் நடமாட்டம். அன்றைக்கு இரவு நான் தூங்கினேன் என்று நினைக்கிறாயா? டீ ட்ரீ ஆயில் கலந்த துடைப்பான் கொடுத்தார், இரண்டு மாசத்தில் அரிப்பு அடங்கியது. ஆனால் அந்த எண்ணெயைக் கடையில் வாங்கி நேராகத் தடவிவிடாதே. கண் புண்ணாகிவிடும்.

கூடவே ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தார். அதை நிறையத் தண்ணீர் குடித்துப் போட வேண்டும், போட்ட கையோடு படுக்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் எரியும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் அதை ஏன் ஆரம்பித்தேன் என்றிருந்தது. இதெல்லாம் அவர்கள் பார்த்துத் தர வேண்டியது, நான் போட்டேன் என்று நீ வாங்காதே. மருமகன் மீன் எண்ணெய் மாத்திரை ஒரு டப்பா கொண்டுவந்தான். 2018இல் அமெரிக்காவில் ஐந்நூறு பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில், கண் வறட்சிக்கு அதற்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. சாளைக் குழம்பு வைத்தால் ருசிக்காகச் சாப்பிடு, போதும்.

எப்போது சரியாகும் என்று முதல் நாளே அவரிடம் கேட்டேன். "பல்லு வெளக்குறது எப்பம் முடியும்?" என்று திருப்பிக் கேட்டார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அது விளங்கினது 2023 டிசம்பர் வெள்ளத்தில். 17ஆம் தேதி ராத்திரியிலிருந்து மழை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் இடுப்பளவு. நாங்கள் தங்கச்சி வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டோம். கரண்ட் இல்லை, குடிக்கவே தண்ணீர் அளந்துதான். அந்த நிலைமையில் எவன் கண்ணுக்கு ஒத்தடம் கொடுப்பான்? வீட்டுக்கு வந்தும் சகதி அள்ளுகிற வேலையில் இரண்டு வாரம் விட்டுப்போனது. புது வருஷத்தன்று கண்ணாடியில் பார்த்தால் 2013 கண். திட்டிக்கொண்டே தூக்குச்சட்டியைத் தேடினேன். மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது.

உனக்கு வந்திருப்பதும் இதுதான் என்று நானாக முடிவுகட்டவில்லை. கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டு, பிரஷரையும் பார்க்கச் சொல். வெளிச்சம் பார்த்தால் வலித்தாலோ பார்வை குறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஒரே இமையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து, அங்கே மயிரும் உதிர்ந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது என்று டாக்டரம்மா அழுத்திச் சொல்லியிருக்கிறார். அப்புறம், பேரனோடு சேர்ந்து செல்போனையே வெறித்துக்கொண்டிருக்காதே. திரையைப் பார்க்கும்போது சிமிட்டவே மறந்துபோகிறோம். நீ சிமிட்டினால்தானே அந்த எண்ணெய் வெளியே வரும்?

ஊரில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போனால் வாயெல்லாம் மண். வண்டி ஓட்டினால் கண்ணாடி இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்காம், ஐந்தருவியில் நிற்க இடமில்லையாம். ஆனித் தேருக்கு நீ வரவில்லை, வடம் பிடிக்கிற இடத்தில் உன்னை ரெண்டு பேர் விசாரித்தார்கள். வருகிற மாசமாவது மதினியோடு கிளம்பி வா, ஒருநாள் பாபநாசம் போய்க் குளித்துவிட்டு வரலாம்.

வரும்போது முகம் துடைக்கத் துண்டு கொண்டுவந்துவிடு. என்னுடையதைத் தர மாட்டேன். தூக்குச்சட்டி வேண்டுமானால் தருகிறேன்.

அன்புடன்,
ஆவுடை