வாக்களிக்கும் வயதை உயர்த்தும் மனுவில் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்க வரும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் சுற்றுக்கு விட்ட மனு என் கைக்கும் வந்தது. வாக்களிக்கும் வயதை 18-லிருந்து 21 ஆக, முடிந்தால் 25 ஆக உயர்த்தச் சொல்லி நம் மக்களவை உறுப்பினரைக் கேட்கிறீர்கள். வருவாய்த் துறையில் இருந்தவர், வங்கியில் இருந்தவர், என்னைப் போல வாத்தியார் வேலை பார்த்தவர் என்று தெரிந்த கையெழுத்தாகவே இருந்தது. நான் போடவில்லை. “ஏன் வே, என்ன ஆச்சு?” என்று கேட்ட அண்ணாச்சிக்கு நடந்துகொண்டே மூச்சிரைக்கப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், எல்லாரும் படிக்கும்படியாகவே.

மனுவின் முதல் காரணம், பிள்ளைகள் சினிமா மோகத்தில் ஓட்டுப் போடுகிறார்கள் என்பது. சரி, கணக்குப் பார்ப்போம். எம்.ஜி.ஆர். 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தார். 1984 டிசம்பரில் அவர் அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். ஆண்டிபட்டித் தொகுதிக்கு ஒருநாள்கூட வரவில்லை. சிகிச்சையில் இருக்கும் அவரை வீடியோவில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள், ஜெயித்துவிட்டார். இந்த மூன்று தேர்தலிலும் 21 வயது நிரம்பாத ஒருவருக்குக்கூட ஓட்டு கிடையாது. வயதை 18 ஆகக் குறைத்த அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் 1989 மார்ச் 28-ல்தான் அமலுக்கு வந்தது. அந்த வருடம் ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில்கூட 18 வயதுக்காரர்களுக்கு இடமில்லை, நவம்பரில் வந்த மக்களவைத் தேர்தலில்தான் அவர்கள் முதன்முதலாக வரிசையில் நின்றார்கள். ஆக, சினிமா பார்த்துப் போட்ட ஓட்டு என்று ஒன்று இருந்தால் அது நம்முடையது, நம் அப்பா அம்மாவுடையது. அந்த ஓட்டைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 1982-ல் சத்துணவு வந்ததும் அந்த ஆட்சியில்தானே.

இரண்டாவது, காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது. இதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. கவர் கொடுக்க வருகிறவன் வாசலில் நின்று “வீட்டுல எத்தன ஓட்டு?” என்று யாரைக் கேட்கிறான்? குடும்பத் தலைவரை. எண்ணி வாங்கி இடுப்பில் செருகுகிறவர் அவர். பதினெட்டு வயதுப் பிள்ளையின் பங்கு பல வீடுகளில் பிள்ளையின் கைக்கே வந்து சேருவதில்லை. திருமங்கலம் இடைத்தேர்தல் இந்த விஷயத்தில் பேர் வாங்கியது 2009-ல். அதற்குத் திட்டம் போட்டவர்கள் யாரும் கல்லூரிப் பிள்ளைகள் இல்லை.

மூன்றாவது காரணத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. சாதி. நம் பக்கத்துப் பிள்ளைகள் கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதும், பேருந்தில் இடம் பிடிப்பதில் தொடங்கி வெட்டுக்குத்தில் முடிவதும் உண்மை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. செய்தவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளம் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளிக்குள் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை. இத்தனைக்கும் பிறகு, இவர்கள் கையில் ஓட்டைக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் கயிற்றின் நிறத்தைப் பதிமூன்று வயதுப் பையன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடிக்கிற பேனரில் எந்தத் தலைவர் படம், எந்த நிறம் என்று முடிவு செய்கிறவர்கள் வரிப் பணம் பிரிக்கிற பெரியவர்கள். சுவரில் வர்ணம் அடிக்கச் சொன்னவர்களும் அவர்களே. வேட்பாளர் பட்டியல் வந்த அன்று “நம்மாளு எத்தன பேரு?” என்று நம் நடைபாதையிலேயே விரல் விட்டு எண்ணுகிற குரல்களில் இருபது வயதுக் குரல் ஒன்றையும் நான் கேட்டதில்லை. கட்சிகள் இந்த ஊரில் எந்தச் சாதிக்காரரை நிறுத்தலாம் என்று கணக்குப் போடுவது நாற்பதும் அறுபதும் கடந்த வாக்காளர்களை நம்பித்தான். சாதிதான் காரணம் என்றால் முதலில் நம் ஓட்டை அல்லவா நிறுத்தி வைக்க வேண்டும்?

எண்ணிக்கையையும் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது நாடு முழுவதும் பட்டியலில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட 97 கோடி. அதில் 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடி. நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. நாடு இவர்களால் கெடுகிறது என்றால் மீதி தொண்ணூற்றெட்டுப் பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம்?

25 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். 2023-ல் அமெரிக்க அதிபர் பதவிக்கு முயன்ற விவேக் ராமசாமி அதைப் பேசினார். அவர்கூட, குடியுரிமைத் தேர்வில் தேறினாலோ ராணுவம் போன்ற சேவையில் இருந்தாலோ 18 வயதிலேயே போடலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் நம்மிடம் வந்து சேர்ந்தபோது அந்தப் பாதி காணாமல் போய்விட்டது. அதே அமெரிக்காதான் 1971-ல் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது. வியட்நாமுக்குப் போய்ச் சாக வயது போதும், ஓட்டுப் போடப் போதாதா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

நம்மால் முடியுமா? ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலேயே சேர்க்கிறார்கள், நான்கு வருடத்தில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புகிறார்கள். வயது 25 என்று ஆகிவிட்டால், எல்லையில் நின்றுவிட்டு இருபத்தொன்றரை வயதில் வள்ளியூரில் ரயில் இறங்கும் பையனுக்கு இன்னும் மூன்றரை வருடம் ஓட்டு இருக்காது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு 18 வயதில் பி.எஃப். பிடிக்கிறார்கள். 2017-ல் பீடிக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டபோது அந்தச் சுமை அவள் வேலையின் மேலும் விழுந்தது. அதே வருடம் இங்கே நீட் வந்தது. எழுதியது 17, 18 வயதுப் பிள்ளைகள், முடிவு செய்தது யார் யாரோ. பொறுப்பு, வரி, வழக்கு எல்லாம் 18-ல் தொடங்கட்டும், ஓட்டு மட்டும் பிறகு வரட்டும் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

மூளை 25 வயது வரை முழுதாக வளருவதில்லை என்று நீங்கள் இணைத்திருக்கும் தாளைப் படித்தேன். இருக்கலாம். ஆனால் மூளையை அளந்து ஓட்டுக் கொடுப்பதென்றால் மறுமுனையிலும் அளக்க வேண்டும், அங்கே நிற்பது நாம். இப்போது 85 வயது கடந்தவர்கள் கேட்டால் வீட்டுக்கே போய் ஓட்டு வாங்குகிறார்கள், யாரும் ஞாபக சக்தியைச் சோதிப்பதில்லை. அதுதான் சரி. வாக்குச்சாவடி வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்: கண் தெரியாத ஆச்சிக்குத் துணையாக வருகிறவருக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும், ஆச்சியின் ஓட்டை அவரே அழுத்தலாம். அவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மை வைப்போம். பேரனை நம்பி ஆச்சியின் ஓட்டையே கொடுக்கிற சட்டம், அவனுடைய ஓட்டுக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

2021 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலை மறந்திருக்க மாட்டீர்கள். இங்கே பக்கத்தில் சிவந்திபட்டி ஊராட்சியில் 90 வயதுப் பெருமாத்தாள் தலைவராக ஜெயித்தார். அதே தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில், அப்போதுதான் 21 வயதைத் தொட்டிருந்த ஒரு பொறியியல் மாணவி தலைவரானார். நம் சனங்கள் வயதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களாக எனக்குத் தெரியவில்லை. நிற்பதற்குத்தான் ஏற்கெனவே வயது வரம்பு இருக்கிறதே: உள்ளாட்சிக்கு 21, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30. அதில் கை வைக்க நானும் கேட்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பஞ்சாயத்துத் தலைவர் செய்ய வேண்டிய வேலை எது, சட்டமன்ற உறுப்பினர் செய்ய வேண்டியது எது என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். சமூக அறிவியலில் அந்தப் பாடத்தை நாங்கள் மதிப்பெண்ணுக்காக ஒப்பிக்க வைத்தோம். பள்ளிகளில் வாக்காளர் விழிப்புணர்வுக் குழு என்று ஒன்று இருக்கும், நான் பார்த்தவரை தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25-ல் உறுதிமொழி எடுப்பதோடு சரி. இதற்கு வயதைத் தள்ளி வைப்பது மருந்தாகாது. 21 வரை காத்திருந்தால் யார் வந்து சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்?

உங்கள் மனு நிறைவேற வேண்டுமானால் வாக்களிக்கும் வயதைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவைத் திருத்த வேண்டும், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும். அது நடக்கப் போவதில்லை, உங்களுக்கும் தெரியும். நடக்கக் கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எந்தத் தேதியில் 18 நிரம்பினாலும் பெயர் சேர்க்கலாம். பெயர் சேர்க்கக் கேட்கும் படிவம் 6-ஐ 17 வயதிலேயே முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். இது தெரியாமலே பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். அப்புறம் ஆதாரில் ஓர் ஊர், இருப்பது ஓர் ஊர் என்று ஆகி, பெயர் எங்கும் ஏறுவதில்லை.

மனு எழுதத் தெரிந்தவர்கள், அலுவலகம் ஏறி இறங்கிப் பழகியவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. வாரம் ஒரு கல்லூரி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பிடித்து ஒப்படைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். இதற்கு ஒரு தாள் சுற்றுக்கு விடுங்கள், அதில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களோடு நடக்கும்
ஓய்வு பெற்ற ஆசிரியன்