தம்பிக்கு, லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி

தம்பி,

நேத்து ராத்திரி நீ போன் பண்ணப்ப அடுப்புல பால் வச்சிருந்தேன், அதான் சரியா பேச முடியல. "அக்கா, 18-300 ஒண்ணு வாங்கிடட்டுமா, எல்லாமே ஒரே லென்ஸ்ல முடிஞ்சிடும்ல"ன்னு நீ கேட்டதுக்கு அப்பறம் சொல்றேன்னு வச்சிட்டேன். தை மாசம் சித்தியையும் கூட்டிட்டு ஹம்பி, பாதாமி, பட்டடக்கல் போறேன்னு சொன்ன, கேட்டதுல இருந்து எனக்கு மனசு அங்கயே சுத்துது. இதே கேள்வியை இன்னும் நாலு பேர் என்கிட்ட கேட்டிருக்காங்க, அதனால உனக்கு எழுதுறதை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிடுறேன்.

முதல்ல ஒரு விஷயம். நீ தரங்கம்பாடி போயிட்டு வந்து பென்டிரைவ்ல குடுத்த படத்தை எல்லாம் காலைல மறுபடி திறந்து பார்த்தேன். படம் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்கல, ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிமீட்டர்ல எடுத்திருக்கன்னு மட்டும் பார்த்தேன், அது படத்துக்குள்ளயே பதிவாகி இருக்கும்ல. லென்ஸ் பேர்ல வர்ற நம்பரும் இந்த மில்லிமீட்டர் தான், சின்ன நம்பர்னா அகலமா பாக்கும், பெரிய நம்பர்னா தூரத்துல இருக்கிறதை கிட்ட இழுக்கும். உன்கிட்ட இருக்கிறது சோனி ஏ6400, கூட வந்த 16-50 கிட் லென்ஸ். பாதிக்கு மேல படம் சரியா 16லயோ இல்ல சரியா 50லயோ நிக்குது, நடுவுல ரொம்ப கம்மி. 50ல அவ்வளவு படம் குவிஞ்சிருக்குன்னா அதுக்கு மேல போக லென்ஸ்ல இடம் இல்லாம நீ முட்டிட்டு நின்னிருக்கன்னு அர்த்தம்.

எவ்வளவு தூரம் முட்டினன்னும் கண்டுபிடிக்கலாம். டேனிஷ் கோட்டைக்கு முன்னாடி கடற்கரையில ஒரு பெரியவர் காலை நீட்டி உக்காந்து, கட்டை விரல்ல வலையை மாட்டிக்கிட்டு கண்ணி கண்ணியா தைக்கிறார் பாரு, நீ க்ராப் பண்ணி எனக்கு அனுப்பின படம். ஒரிஜினல் 50ல எடுத்தது, அகலம் 6000 பிக்சல். நீ வெட்டினதுக்கு அப்பறம் 2400. ஐம்பதை ஆறாயிரத்தால பெருக்கி ரெண்டாயிரத்து நானூறால வகுத்தா 125. அதாவது அன்னிக்கு உன் கண்ணு கேட்டது 125 மில்லிமீட்டர். இப்படியே இன்னும் பத்து பன்னெண்டு க்ராப்பை கணக்கு போட்டேன், பெரும்பாலும் 80ல இருந்து 140க்குள்ள தான் வருது, ஒரே ஒரு படம், அந்த கடல் காக்கா படம் மட்டும் 300 பக்கத்துல போகுது. எந்த ரிவ்யூவும் உனக்கு இதை சொல்லாது தம்பி, உன் கை ஏற்கனவே சொல்லி வச்சிருக்கு.

அதனால நான் சொல்றது சோனி 18-135. எடை 325 கிராம், லென்ஸ் இல்லாம உன் கேமரா பாடி 403, ரெண்டும் சேர்த்து 728. நீ சொன்ன டாம்ரான் 18-300 நல்ல லென்ஸ் தான், குறை சொல்ல மாட்டேன், ஆனா அது மட்டுமே 620 கிராம், பாடியோட சேர்த்தா ஒரு கிலோவை தாண்டிடும். முந்நூறு கிராம் தானேன்னு வீட்ல உக்காந்து தோணும். விடியக்காலைல சூரிய உதயம் பாக்க ஹம்பில மாதங்க மலை ஏறும்போது, ஒரு கையில தண்ணி பாட்டில், இன்னொரு கையை சித்தி பிடிச்சிருப்பாங்க, கழுத்துல தொங்குற ஒவ்வொரு கிராமும் அப்ப பேசும். கழுத்து வலிச்சா மனுஷன் கேமராவை பைக்குள்ள வச்சிடுவான், பைக்குள்ள இருக்கிற கேமராவால படம் எடுக்க முடியாது, அவ்வளவு தான் விஷயம்.

இன்னொண்ணு, ஒரு லென்ஸ் 18ல ஆரம்பிச்சு 300 வரைக்கும் போகணும்னா அது பதினாறு மடங்குக்கு மேல ஜூம் ஆகணும். உள்ள இருக்கிற கண்ணாடிங்க எல்லாம் அகலக் கோணத்துக்கும் சரியா இருக்கணும், தூரத்துக்கும் சரியா இருக்கணும், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி செய்ய முடியாது, எங்கயாவது விட்டுக் குடுத்து தான் ஆகணும். அது மூலைகள்ல தெரியும், நேர்க்கோட்டுல தெரியும். அகலத்துல எடுத்தா தூண் வெளிப்பக்கமா வளையும், இழுத்து எடுத்தா உள்பக்கமா வளையும். 18-135லயும் வளையும் தான், கேமரா ஜேபெக் போடும்போதே அதை நிமிர்த்திடும். ஆனா வளைவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மூலையை இழுத்து நிமிர்த்தணும், இழுத்த இடத்துல சிற்பத்தோட விரலும் நகையும் கரைஞ்சு போகும். கடற்கரை படத்துல இது ஒரு பொருட்டே இல்ல, ஆனா நீ போற ஊர் முழுக்க தூணும் சிற்பமும் தானே. அப்பறம் 300 முனையில அப்பர்ச்சர், அதான் வெளிச்சம் உள்ள வர்ற வாசல், 6.3க்கு மேல திறக்காது, இந்த நம்பர் சின்னதா இருந்தா தான் வாசல் பெருசு, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அந்த 300ஐ வச்சு நிம்மதியா எடுக்க முடியாது.

நானும் உன்னை மாதிரியே ஆசைப்பட்டு பல வருஷம் முன்னாடி ஒரு 18-200 வாங்கினவ, எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம். வாங்கி எட்டு மாசத்துல கேமராவை கீழ பாத்து தொங்க விட்டா லென்ஸ் தானா சரசரன்னு நீண்டுடும். படியில ஏறும்போது நீண்டு நீண்டு முட்டில இடிக்கும். ஒரு கோபுரத்து சிற்பத்தை நிமிர்ந்து எடுக்கலாம்னு கேமராவை மேல தூக்கினா தானா சுருங்கி 200 வச்சது 120க்கு வந்துடும், ஒரு விரலால வளையத்தை பிடிச்சுக்கிட்டே எடுத்தேன். எனக்கு அப்ப அழுகையே வந்துச்சு, மூணு மாசம் சேத்து வச்ச காசு அது.

ஒரே ஒரு இடத்துல 300 கண்டிப்பா வேணும், அதையும் மறைக்காம சொல்லிடுறேன். ஹம்பி பக்கத்துலயே தரோஜின்னு கரடி சரணாலயம் இருக்கு, மத்தியானத்துக்கு மேல போனா பாறை மேல கரடி இறங்கி வர்றதை காட்சி கோபுரத்துல இருந்து பாக்கலாம், ரொம்ப தூரத்துல இருந்து. அங்க 135 வச்சு எடுத்தா கறுப்புப் புள்ளி தான் வரும். அங்க போறதா முடிவு பண்ணா பெங்களூர்ல ஒரு நீள லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கோ, ரெண்டு நாள் வாடகை எவ்வளவோ ஆகட்டும், வருஷம் முழுக்க சுமக்கிறதுக்கு அது மேல்.

நீ இன்னும் ரெண்டு லென்ஸ் பேரும் சொன்ன. சிக்மா 18-50 எஃப் 2.8, வெறும் 290 கிராம், முனைக்கு முனை 2.8, படம் கண்ணாடி மாதிரி இருக்கும், எனக்கு ரொம்ப பிடிச்ச லென்ஸ். ஆனா நீ ஏற்கனவே முட்டி நிக்கிற அதே 50ல தான் அதுவும் நிக்கும். அதோட லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் கிடையாது, ஏ6400 பாடிலயும் கிடையாது, கை ஆட்டத்தை யாரும் தாங்க மாட்டாங்க. டாம்ரான் 17-70 எஃப் 2.8 வேற மாதிரி, அதுல ஸ்டெபிலைசேஷன் உண்டு, 525 கிராம். ஒரே லென்ஸ் தான், இன்னொண்ணு தொடவே மாட்டேன்னு நீ அடம் பிடிச்சா அதை வாங்கு, 70ல எடுத்து வெட்டிக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

18-135 வாங்கினா அகலத்துல ரெண்டு மில்லிமீட்டர் போயிடுமேன்னு நீ கேப்ப. ஆமா போகும். உன் சென்சார்ல 16 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 73 டிகிரி பாக்கும், 18 போட்டா 66, அகல முனையில அது சின்ன வித்தியாசம் இல்ல. பாதாமில மூணாவது குகை இருக்கு பாரு, 578ன்னு வருஷம் கண்டுபிடிக்கிற கல்வெட்டோட இருக்கிற குகை, அதோட திண்ணையில நின்னு உலகளந்த திரிவிக்கிரமன் சிற்பத்தை முழுசா எடுக்க பின்னாடி போனா தூண் இடிக்கும், அங்க 18 திணறும் தான். ஆனா உன் பாக்கெட்ல போன் இருக்கே. போனோட மெயின் கேமராவுக்கு 24, 26ன்னு சொல்றாங்கல்ல, அது உன் கேமராவுல 16, 17 போட்டா வர்ற அதே அகலம், இன்னொரு அகலக் கேமராவும் அதுல இருக்கும். நல்ல வெளிச்சத்துல அகலமா எடுக்கிற வேலையை போன் அழகா செஞ்சிடும். போனால முடியாததை செய்யத்தான் நீ கேமரா சுமக்குற. எதிர்ல இருக்கிறவங்க முகத்தை அவங்க கூச்சப்படாத தூரத்துல இருந்து எடுக்கிறது, கோபுரத்து மூணாவது நிலையில இருக்கிற ஒரு சுதைச் சிற்பத்தை மட்டும் எடுக்கிறது, இதெல்லாம் 70க்கு மேல தான் நடக்கும். ஹம்பி விட்டலர் கோயில் கல் ரதத்தையே எடுத்துக்கோ, நம்ம புது ஐம்பது ரூபா நோட்டுல இருக்கே அதே ரதம். கிட்ட போய் 18ல எடுத்தா ரதம் பெருசா உப்பி நிக்கும், பின்னாடி மண்டபம் எங்கயோ போயிடும். நல்லா பின்னாடி வந்து 60, 70ல எடுத்துப் பாரு, மண்டபம் ரதத்துக்கு பக்கத்துல வந்து நிக்கும், அந்த முற்றம் எப்படி கட்டியிருக்காங்கன்னு அப்ப தான் புரியும்.

இப்ப இருட்டு. 18-135ஓட பெரிய குறை இது தான், இதை சொல்லாம விட்டா நான் அக்காவே இல்ல. நடுவுல 35 பக்கம் வரும்போது அது 4, 4.5 அளவுக்கு தான் திறக்கும், முனையில 5.6. ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு நம்பாதே, அது உன் கை ஆட்டத்தை தான் நிறுத்தும், தீபாராதனை காட்டுற அர்ச்சகர் கையை நிறுத்தாது. அதுக்கு இன்னொரு குட்டி லென்ஸ் வேணும், சோனியோட 35 எஃப் 1.8, 154 கிராம், உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். ஜூம்ல ஷட்டர் 1/15 செகண்ட் திறந்திருக்கணும்ங்கிற இடத்துல இதுல 1/80 கிடைக்கும், கையும் ஸ்டெடி, ஆளும் ஸ்டெடி. ஜூமும் இதுவும் சேர்த்தா 479 கிராம், அந்த ஒத்தை 17-70 எடையை விடவே கம்மி, 18-300ஐ விட ரொம்பவே கம்மி. ட்ரைபாட் பத்தி யோசிக்காதே, தொல்லியல் துறை இடங்கள்ல அனுமதி இல்லாம உள்ள விட மாட்டாங்க.

இந்த 35ஐ நான் எதுக்கு வாங்க சொல்றேன்னா முக்கியமா ஒரு சுவருக்காக. ஹம்பி விரூபாட்சர் கோயில்ல பின்பக்கமா ஒரு இருட்டு அறை மாதிரி இடம் இருக்கு, எதிர்ல ஒரு சின்ன துவாரம். வெளியில ஒன்பது நிலையில நிக்கிற ராஜகோபுரம் அந்த துவாரம் வழியா வந்து உள்சுவத்துல தலைகீழா விழும், கலசம் கீழ பாத்து. லென்ஸ் இல்ல, கண்ணாடி இல்ல, ஒரே ஒரு ஓட்டை. நம்ம கேமராவுக்குள்ள நடக்கிற அதே வேலை அந்த சுவத்துல எத்தனையோ நூறு வருஷமா தினமும் நடந்துக்கிட்டு இருக்கு. நான் அங்க நின்னப்ப கிட்ட ஒரு பாட்டி சேலைத் தலைப்பை நீட்டி அதுல கோபுரத்தை பிடிச்சு பேத்திக்கு காட்டினாங்க, என்கிட்ட அப்ப இருந்தது அந்த நீண்டு சுருங்குற லென்ஸ், எடுத்தது எல்லாம் வெறும் கலங்கல். உள்ள கேமராவுக்கு என்ன விதின்னு வாசல்லயே கேட்டுக்கோ, விட்டா 35ஐ போட்டு எடு, அவசரப்படாம எடு.

ரெண்டு லென்ஸ்னா மாத்தணும், மாத்துறதுல தான் ஆபத்து. தனுஷ்கோடில காத்துல நின்னு நான் லென்ஸ் மாத்தி, அன்னிக்கு எடுத்த எல்லா படத்துலயும் வானத்துல அதே அதே இடத்துல ஏழு கறுப்பு புள்ளி. ஊருக்கு வந்து சென்சார் கிளீன் பண்ணேன், ஆனா அந்த படங்களை என்ன பண்றது. அதனால மணல்லயும் ஆத்தங்கரையிலயும் மாத்தாதே. வெயில்ல சுத்துற வரைக்கும் 18-135, இருட்டு மண்டபத்துக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி காத்து இல்லாத மூலையில பாடியை கீழ பாத்து பிடிச்சுக்கிட்டு 35. துங்கபத்ராவுல பரிசல்ல ஏறும்போது கையில ஜூம் தான் இருக்கணும், சொல்லிட்டேன்.

புதுசா வாங்க காசு பத்தலன்னா பழசு பாக்கலாம். ஏ6400 கூட 18-135 சேர்த்து விக்கிற கிட் ஒண்ணு உண்டு, அதை வாங்கிட்டு லென்ஸை மட்டும் தள்ளி விடுறவங்க நிறைய இருக்காங்க, அதனால கையில கிடைக்கும். வாங்கும்போது போன் டார்ச்சை பின்பக்கமா அடிச்சு முன்னாடி இருந்து சாய்ச்சு பாரு. ரெண்டு மூணு தூசி இருந்தா பரவாயில்ல, சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இழை ஓடினா அது ஃபங்கஸ், எவ்வளவு கம்மி விலை சொன்னாலும் திரும்பிப் பாக்காம வந்துடு, நம்ம கடலோர ஊர் ஈரத்துல அது வளர்ந்துக்கிட்டே தான் போகும். அப்பறம் தினசரி பேப்பரை விரிச்சு சுவத்துல டேப் போட்டு ஒட்டி, நேரா நின்னு 18ல, 50ல, 135ல ஒவ்வொண்ணு எடு. பெருசாக்கி நாலு மூலையிலயும் எழுத்தை படிச்சுப் பாரு. நாலும் ஒரே அளவு மங்கினா அது அந்த லென்ஸோட சுபாவம், ஒரு மூலை மட்டும் மங்கினா உள்ள கண்ணாடி சாய்ஞ்சிருக்கு, எங்கயோ கீழ விழுந்த லென்ஸ் அது.

பட்டடக்கல்ல சித்தியை கொஞ்ச நேரம் உக்கார வச்சு எடு. அங்கயும் ஒரு விரூபாட்சர் கோயில் இருக்கு, நம்ம காஞ்சிபுரத்தை இரண்டாம் விக்கிரமாதித்தன் ஜெயிச்சதோட நினைவா அவன் ராணி லோகமகாதேவி கட்டினது, பாத்தா நம்ம கைலாசநாதர் கோயில் சாயல் அப்படியே அடிக்கும், சித்திக்கு அது தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. தூண் நிழல்ல உக்கார வச்சு நீ பத்தடி தள்ளி நின்னு 85, 90 பக்கம் வச்சுக்கோ, பேச்சு குடுத்துக்கிட்டே எடு, கேமராவை பாக்க சொல்லாதே.

கடைக்கு எப்ப போறன்னு சொல்லு, சனிக்கிழமைன்னா நானும் வரேன், பேப்பரும் டேப்பும் எடுத்துட்டு வரேன். அந்த சுவத்து கோபுரம் கிடைச்சா அன்னிக்கு ராத்திரியே எனக்கு அனுப்பு, தலைகீழா இருக்குன்னு திருப்பி வைக்காம அப்படியே அனுப்பு.

அன்போட,
அக்கா